கைமாறி வரும் துணிவு

செவ்வாய்க்கிழமை மாலைகளில் அந்தோணியார் நவநாள் நடக்கும் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சுரூபத்தின் முன்னால் ஒரு கூட்டம் நின்றிருக்கும். மெழுகுதிரி ஏற்றுவார்கள், சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு நெஞ்சில் ஒற்றிக்கொள்வார்கள், செபம் முடிந்து விளக்கை அணைக்கும் வரைக்கும் சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். நெற்றியில் திருநீறோடும் குங்குமத்தோடும் வந்து கைகூப்பி நிற்பவர்களும் அவர்களில் உண்டு. தொலைந்த நகை, அமையாத வரன், கருப்பையில் தங்காத பிள்ளை, குடியை விடாத கணவன் என்று ஆளுக்கொரு வேண்டுதல். கேட்டது கிடைத்தவர்கள் அடுத்த வாரம் பொருத்தனையோடு வந்து நன்றி சொல்கிறார்கள். அது எளிதாக விளங்குகிறது. கேட்டது கிடைக்காதவர்களும் அடுத்த வாரம் வருகிறார்களே, அதுதான் எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது.

அந்தோணியாரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு வழி தென்படுகிறது. கோடி அற்புதர் என்று நாம் கொண்டாடும் அவருடைய இளமை, நினைத்தது எதுவும் நடக்காத இளமை. 1195-இல் லிஸ்பனில் பிறந்தவர். 1220-இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் சகோதரர்கள் ஐந்து பேரின் உடல்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டுவரப்பட்டன. அதைக் கண்ட நாள் முதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருந்த சபையை விட்டு அவர்களுடைய சபையில் சேர்ந்தார். அவர்களைப் போலவே உயிரைக் கொடுக்க வேண்டும் என்று மொராக்கோவுக்குக் கப்பல் ஏறினார். போன இடத்தில் நோயில் விழுந்து படுத்துக் கிடந்ததுதான் மிச்சம். ஊர் திரும்பும்போது காற்று கப்பலை சிசிலிக்கு அடித்துக்கொண்டு போனது. அந்நிய நாட்டில், யாரும் அறியாத துறவியாக, மலையோரத்து ஆசிரமம் ஒன்றில் சில காலம் ஒதுங்கிக் கிடந்தார். அவருடைய பேச்சை உலகம் கண்டுகொண்டது அதற்குப் பிறகுதான். 1231-இல் பதுவையில் இறந்தபோது வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். இறந்துபோன ஐந்து பேர் கொடுத்த துணிவில் கிளம்பிய ஒருவர், கிளம்பிய காரியம் கைகூடாமலே புனிதர் ஆனார்.

என் அம்மாயி இந்த வரலாற்றைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை. பிரசங்கங்களில் கேட்டு மனத்தில் வைத்திருந்தார். அவருடைய செபப் புத்தகம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அட்டை கிழிந்து, துணியால் ஒட்டுப்போட்டது. உள்ளே அச்சிட்ட பக்கங்களைவிடச் செருகிவைத்த படங்களால்தான் அதற்குப் பருமன். கையில் குழந்தை இயேசுவோடு அந்தோணியார், அம்புகள் தைத்த செபஸ்தியார், ரோசாப்பூக்களை அணைத்திருக்கும் குழந்தை தெரசம்மாள். இந்தப் படங்களுக்கு நடுவே, ஓரம் மஞ்சள் பாய்ந்த நினைவு அட்டைகள்: அவருடைய அண்ணன், நாத்தனார், பிறகு இருபத்திரண்டு வயதில் காய்ச்சலில் போன அவர் மகன். என் மாமாவின் அட்டை அந்தோணியாருக்கும் தெரசம்மாளுக்கும் இடையில் இருக்கும். அந்த மகனுக்காகத்தான் அம்மாயி வாரம் தவறாமல் நவநாளுக்குப் போனது. மகன் இறந்த பிறகும் போனது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அந்தோணியாரும் சின்ன வயசுல போனவருதான் தம்பி. என் புள்ள தனியா இருக்க மாட்டான்ல” என்றார். கண்ணீர் இல்லை. கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னார்.

அந்தப் பதிலை விசுவாசமுள்ள கிழவியின் ஆறுதல் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அது இறையியலாகவே படுகிறது. கேட்ட வரத்தைத் தராத புனிதரிடம் அம்மாயி வேறொன்றைப் பெற்றிருந்தார். தன் துக்கம் உலகத்தில் முதன்முதலாகத் தனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை, இந்த வழியில் முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற தெம்பு அது. நம்பிக்கை ஒரு மனிதருக்குள் தானாக ஊறிவிடுவதை நான் கண்டதில்லை. யாரோ ஒருவர் அதைக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தவருக்கும் யாரோ கொடுத்திருக்கிறார்கள். புனிதர்களின் வரலாறுகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எது போனது என்று பார்த்துக்கொண்டே படித்தால் இது துலக்கமாகத் தெரியும்.

திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டி நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தையும் அதன் வளாகத்திலுள்ள புனித வளனார் கல்லூரியையும் இந்த ஊரில் அறியாதவர் இல்லை. கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் இங்கே இடம் மாறியது. மதம் பாராமல் எத்தனையோ தலைமுறைகள் அங்கே படித்து வெளியே வந்திருக்கின்றன. அதை நடத்தும் இயேசு சபை தோன்றியது ஒரு நோயாளியின் படுக்கையில். 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு இக்னாசியாரின் கால் சிதைந்தது. எலும்பை உடைத்துச் சேர்த்த வலியோடு மாதக்கணக்கில் கிடந்தவர், பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறு ஒன்றும், புனிதர்களின் வரலாறுகள் அடங்கிய தொகுப்பு ஒன்றும்தான் இருந்தன. வேண்டாவெறுப்பாகப் படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க, பிரான்சிஸும் தோமினிக்கும் செய்ததைத் தானும் செய்தால் என்ன என்று தோன்றியது. அரண்மனைக் கனவுகள் கண்ட பொழுதெல்லாம் கடைசியில் மனம் வறண்டுபோனதையும், அந்தப் புனிதர்களை நினைத்த பொழுதெல்லாம் மனம் நிறைந்தே இருந்ததையும் அவர் கவனித்தார். கவனித்தது சின்ன விஷயம்தான். வாழ்க்கை முழுவதையும் அவர் அதன்மேல் கட்டினார்.

அவரோடு பாரிஸில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர் சவேரியார். 1542-இல் கோவாவில் இறங்கி, முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊர் ஊராக நடந்தவர். அவர் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1647-இல், லிஸ்பனில் ஒரு பிரபு குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. அரசகுமாரனோடு அரண்மனையில் வளர்ந்த அந்தச் சிறுவன் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையின் அங்கியை உடுத்தச் செய்கிறேன் என்று தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். சிறுவன் பிழைத்தான், நேர்ச்சைப்படி அங்கி உடுத்தினான், பிற்காலத்தில் அதைக் கழற்ற மறுத்துவிட்டான். நேர்ந்துகொண்ட தாயே, இந்தியாவுக்குப் போகாதே என்று கெஞ்சியும் கேட்கவில்லை. நாம் அருளானந்தர் என்று அழைக்கும் ஜான் டி பிரிட்டோ அவர்தான்.

1673-இல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் காவி கட்டிப் பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். மிஷன் காரியமாக லிஸ்பன் போனபோது, சிறுவயதுத் தோழர் அங்கே அரசராக இருந்தார். நண்பரை அங்கேயே இருத்திவைக்க விரும்பினார். தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1690-இல் திரும்பி வந்து, போகக் கூடாதென்ற அதே சீமைக்குப் போனார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற தடியத் தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவினர். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அதற்கு முன் சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்துத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் மக்கள் முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள். ஒரு தாயின் நேர்ச்சையில் தொடங்கியது ஓரியூர்ப் பொட்டலில் வந்து முடிந்தது. இல்லை, அங்கே முடியவும் இல்லை. அந்த மண்ணை எடுத்துப்போகும் தாய்மார் கையில் அது இன்னும் தொடர்கிறது.

தேவசகாயத்தின் கதையிலும் இதே கைமாற்றம் உண்டு. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் பதவியில் இருந்தவர். வீட்டில் அடுக்கடுக்காக இழப்புகள் வந்து மனமொடிந்திருந்த நாளில், அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் டி லனாய். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி அவர். தோற்றவர், ஊரை இழந்தவர், எல்லாம் இழந்த ஒருவனின் கதையை எடுத்து இன்னொருவருக்குச் சொன்னார். அந்தக் கதைக்கு அவர் வாயில் எவ்வளவு எடை இருந்திருக்கும்! 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார் நீலகண்டன். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். 1749-இல் கைதானார். எருமையின் மேல் உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப்போனார்கள், உள்ளங்காலில் அடித்தார்கள், புண்ணில் மிளகாய்த்தூள் தேய்த்தார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இப்படி. 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் கிடந்த எச்சங்களைப் பொறுக்கியெடுத்துக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தவர்கள் அவருடைய சாதாரணச் சக விசுவாசிகள்.

இந்தக் கதையில் என் மனம் அதிகம் தங்குவது அவர் மனைவி ஞானப்பூவிடம். பார்கவி என்ற பெயரை விட்டு, கணவரோடு அதே விசுவாசத்துக்குள் வந்தவர். கணவரை எருமைமேல் ஏற்றிய செய்தி ஊருக்கு ஊர் வந்து சேர்ந்த அந்த மூன்று ஆண்டுகளில் அவர் எப்படித் தூங்கி எழுந்தார்? அவருக்குப் பீடம் கிடையாது. சிறையில் இருக்கும் மகனுக்காக, வெளிநாட்டில் காணாமல்போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு நான் ஒரு பெயர் சொல்ல வேண்டுமானால் ஞானப்பூ என்றுதான் சொல்வேன்.

புனிதர்கள் என்றாலே அற்புதம் என்று பழகிவிட்ட நமக்கு, தங்களுக்கென்று எந்த அற்புதமும் நடக்காதவர்கள் கண்ணில் படுவதில்லை. லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். 1858-இல் பிரான்சின் லூர்து நகரத்துக் குகையில் காட்சி கண்டு, மண்ணைத் தோண்டி ஊற்றைத் திறந்த பெர்னதெத் என்ற பதினான்கு வயது ஏழைப் பெண்ணுக்கு ஆஸ்துமா. உலகமே அந்த ஊற்றுத் தண்ணீரைத் தேடிப் போனது. அவளுக்கு நோய் தீரவில்லை. நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில், காசநோய் எலும்பு வரைக்கும் ஏறி, 1879-இல் முப்பத்தைந்து வயதில் இறந்தாள். மடத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதும் அவளுடைய வேலைகளில் ஒன்று. தனக்கு எட்டாத நலத்தை மற்றவர்கள் பெறுவதைக் கண்டு கசந்துபோகாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று, தீராத நோயோடு வாழ்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குழந்தை தெரசம்மாள் 1897-இல் இருபத்து நான்கு வயதில் காசநோயால் இறந்தார். கடைசி ஒன்றரை ஆண்டு அவருடைய மனத்தில் விசுவாசத்தின் வெளிச்சமே இல்லை. மோட்சம் என்ற ஒன்று இருக்கிறதா என்றே தோன்றாத இருட்டு. அந்த நாள்களில் அவர் படுக்கையருகே ஒரு படத்தை வைத்திருந்தார். 1861-இல் வியட்நாமில் தலை வெட்டப்பட்ட தெயோபான் வேனார் என்ற இளம் குருவின் படம் அது. அவருடைய கடிதங்களைப் படித்துத் தெம்பு பெற்றார். பின்னாளில் தெரசம்மாளின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட அன்னை தெரேசாவும் பல பத்தாண்டுகள் அதே போன்ற இருட்டில் நடந்தவர் என்பது 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களிலிருந்து உலகத்துக்குத் தெரிந்தது. சாகும்வரை கல்கத்தாத் தெருக்களில் அவர் கை நின்றதில்லை. செபம் வரவில்லையே, கடவுள் இருக்கிறாரா என்றே தெரியவில்லையே என்று கூசிக் குறுகும் ஒருவருக்கு இந்த இருவரின் வாழ்க்கையைவிட நல்ல மருந்தை நான் அறியேன். உள்ளே விளக்கு எரியாத காலத்திலும் அடுத்தவர் புண்ணைக் கழுவ முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

இதையெல்லாம் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் குடியிருக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. “எங்களுக்கும் அப்படித்தான் சார். பெருமாள் முன்னாடி தனியாப் போய் நிக்க நமக்கு என்ன யோக்யதை? ஆசார்யன் திருவடியைப் பிடிச்சுண்டுதான் போறோம்” என்றார். குருபரம்பரையைக் காதால் கேட்டே வளர்ந்தவர் அவர். ஆழ்வார், ஆசாரியர்களின் திருநட்சத்திரங்களை வீட்டுப் பிறந்தநாள்போல் கொண்டாடும் ஊர் அது. அங்கே ராயகோபுரம் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அடிநிலையோடு நின்றிருந்தது. 1987-இல்தான் 236 அடி உயரத்தில் முழுமை பெற்றது. அடிநிலைக் கல்லை ஏற்றிய கைகள் எவையும் சிகரத்தைக் காணவில்லை. தேவசகாயம் கொல்லப்பட்டு 270 ஆண்டுகள் கழித்து, 2022 மே 15 அன்று, புனிதராக அறிவிக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்தக் கோபுரம்தான் நினைவுக்கு வந்தது. தன் வேலை தோற்றுவிட்டது என்ற முடிவோடு செத்துப்போனவர்களின் வேலையைக் காலம் வேறு கைகளில் கொடுத்து வாங்கிக்கொள்கிறது.

அந்த நண்பர்தான் திருப்பாணாழ்வாரையும் நினைவுபடுத்தினார். உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்தவர், காவிரியின் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர், வழியை விடு என்று கல்லால் அடித்தார். அடிபட்டவரைத் தோளில் சுமந்து வா என்று அரங்கன் அந்த அந்தணருக்கே ஆணையிட்டதாக வரலாறு. ஸ்ரீரங்கத்தில் ஆழ்வாருக்குக் கொடுக்கும் மரியாதையைப் பார்க்கிறவர்கள், கல் எறிந்த கையும் நம் ஊர்க் கைதான் என்பதை மறந்துவிடக் கூடாது என்றார் நண்பர். அவர் தன் மரபைப் பற்றிச் சொன்னதை நான் என் மரபைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த கோயிலில் சாதிகளைப் பிரித்து உட்காரவைக்கத் தடுப்பு இருந்தது; 1910-இல்தான் அதை இடித்தார்கள். எங்கள் திருச்சியில், மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறித்தவர்களின் குழிகளைத் தனியே ஒதுக்கிய சுவரை எதிர்த்து 2010-இல் போராட்டம் நடந்தது. செத்தவர்களுக்கு நடுவே சுவர்! எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகிய ஒருவரைப் பீடத்தில் ஏற்றி, கல்லறையில் சாதிபார்ப்பவர்கள் அவருக்கு எத்தனை மெழுகுதிரி ஏற்றினாலும் அவரிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரிலிருந்த சாதிப் பின்னொட்டு நீங்கியது நல்ல காரியம். நம் பெயர்களிலும் மனத்திலும் ஒட்டியிருப்பது நீங்க வேண்டியது இனிமேல்.

இந்தச் சுவர்களை நினைத்தால் சோர்வு வராதா என்று கேட்கலாம். வருகிறது. ஆனாலும் வடக்கன்குளத்துத் தடுப்பை இடித்தவர்களும் அதே விசுவாசத்தில் வளர்ந்தவர்கள் என்பதையும் நான் பார்க்கிறேன். புனிதரிடம் வரம் கேட்பதோடு நின்றுவிடுகிறவருக்குப் புனிதர் உதவியாளர் மட்டும்தான். அவருடைய துணிவில் ஒரு துளியைத் தன் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் கொண்டுபோகிறவருக்கே அவர் வழிகாட்டி ஆகிறார். மேலதிகாரியின் பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தவர், சாதி மாறி மணந்த மகளை வாசலில் நின்று வரவேற்ற தகப்பன், புற்றுநோய் வார்டில் தன் வலியோடு பக்கத்துக் கட்டில்காரருக்குக் கஞ்சி ஊட்டியவர் என்று என் கண்ணுக்குத் தெரிந்தவர்களே சிலர் உண்டு. நினைவு அட்டையைத் தாண்டி அவர்களுக்குப் படம் கிடையாது. அம்மாயி புனிதர்களின் படங்களையும் வீட்டு இறந்தவர்களின் அட்டைகளையும் ஒரே புத்தகத்தில் கலந்து வைத்திருந்ததில் ஒரு நியாயம் இருந்தது.

திருச்சபை நவம்பர் 1-ஆம் நாளைப் புனிதர் அனைவருக்கும் வைத்திருக்கிறது. பெயர் தெரிந்தவர்களுக்கு ஆண்டில் ஆளுக்கொரு நாள் உண்டு. இந்த நாள் பெயர் தெரியாத அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்கிறது. மறுநாள் கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மாலையும் மெழுகுதிரியுமாகக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடும். இந்த இரண்டு நாள்களில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதோடு, அவர்களில் யார் நமக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று எண்ணிப் பார்ப்பதும் நல்லது. எண்ணிப் பார்த்தால் நாம் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கேள்வி தானே வந்துவிடும். யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்று தோன்றினாலும் மனம் தளர வேண்டியதில்லை. இக்னாசியார் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தது. அதுவரை செய்தவை எல்லாம் வீண்பெருமைக்காகச் செய்தவை. அவருக்கு மிச்சம் இருந்தது ஊனமான ஒரு காலும் அடுத்து வந்த நாள்களும். அவ்வளவாவது நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.